அறுபதாயிரம் தையல்

ஒரு போர்வையின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் குறிப்பிலிருந்து தொடங்கலாம். காயம்பட்ட ஜப்பானியச் சிப்பாய்களுக்கு, அவர்கள் படும் வேதனைக்கு எங்கள் அனுதாபத்தோடு, சாங்கி முகாம் பெண்கள் தருவது. போர் முடிந்ததும் இதை ஜப்பானியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்த்துவிடவும் என்கிறது அது. அதோடு விடவில்லை. கூடவே ஒரு யோசனையும் உண்டு: டிரை கிளீனிங் செய்வது நல்லது.

ஆண்டு 1942. இடம் சிங்கப்பூரின் சாங்கி சிறை. எழுதியவர்கள் அந்த ஜப்பானியப் படையிடமே பிடிபட்ட கைதிகள். அரைவயிற்றுக்கு வரிசையில் நிற்கும் இடத்தில் துணி சலவை பற்றி இத்தனை அக்கறை! படித்தவுடன் சிரிப்பு வரும். பிறகு, சிரித்தது தப்போ என்று தோன்றும். ஒரு பொருளைத் தன் கையால் வாரக்கணக்கில் தைத்தவளுக்கு, அது யார் கைக்குப் போனாலும் நன்றாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் போகாது போலிருக்கிறது.

கோலாலம்பூர் 1942 ஜனவரி 11இல் விழுந்தது. சிங்கப்பூர் பிப்ரவரி 15இல். மலாயாவின் ஊர்களிலிருந்து தெற்கே தப்பி ஓடிய ஐரோப்பியக் குடும்பங்களும் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டன. மார்ச் மாதம் பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரைச் சாலை வழியே சாங்கிக்கு நடத்திச் சென்றார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். சுவருக்கு அப்பால் கணவன் இருக்கிறானா, செத்தானா என்று தெரியாது. கடிதம் கிடையாது.

எதெல் மல்வானி என்ற கனடா நாட்டுப் பெண்தான் வழி கண்டுபிடித்தார். முகாமின் செஞ்சிலுவைப் பிரதிநிதி அவர். மருத்துவமனையில் கிடக்கும் சிப்பாய்களுக்குப் போர்வை தைத்துத் தருகிறோம் என்று அனுமதி கேட்டார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சதுரத் துண்டு வெள்ளைத் துணி. அதில் தன்னைப் பற்றி எதையாவது தைத்து, பெயரையும் தைக்கவேண்டும். அப்படி 66 சதுரங்களைச் சேர்த்தால் ஒரு போர்வை. மொத்தம் மூன்று செய்தார்கள்: பிரிட்டிஷ்காரருக்கு ஒன்று, ஆஸ்திரேலியருக்கு ஒன்று, ஜப்பானியருக்கு ஒன்று. ஜப்பானியருக்கும் தைத்தது அனுமதி வாங்கும் சாமர்த்தியமாகவும் இருக்கலாம், மெய்யான இரக்கமாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே ஊசியில் கோக்கக்கூடியவைதான். போர்வை சுவருக்கு அப்பால் போனதும், அதில் தைத்திருந்த பெயரே செய்தியாகிவிட்டது. பெயர் இருக்கிறதென்றால், தைத்தபோது அவள் உயிரோடிருந்தாள். ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் இன்று கான்பெராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன.

இதற்கெல்லாம் தூண்டுதல் அதே சிறையில் சின்னப் பெண்கள் செய்த ஒரு காரியம் என்கிறார்கள். எலிசபெத் என்னிஸ் என்ற பெண்மணி அங்கே சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். 8 முதல் 16 வயது வரையிலான சுமார் 20 சிறுமிகள், அவருடைய பிறந்தநாளுக்குப் பரிசாக, கிழிந்த உடைகளிலிருந்து துண்டெடுத்து ஒரு போர்வையை ரகசியமாகத் தைத்தார்கள். அது இன்று லண்டனில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் போர்வையின் துண்டுகள் சதுரம் இல்லை. அறுகோணம். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று பூப்பூவாகச் சேர்த்திருக்கிறார்கள்.

அறுகோணத்தில் ஒரு வினோதம் உண்டு. இடைவெளியே விடாமல், எல்லாப் பக்கமும் எல்லா மூலையும் சமமான ஒரே வடிவத்தால் தரையை நிரப்பச் சொன்னால் மூன்றே வடிவங்களால்தான் முடியும்: முக்கோணம், சதுரம், அறுகோணம். ஐங்கோணத்தை முயன்று பாருங்கள். அதன் மூலை 108 பாகை. மூன்றைச் சேர்த்தால் 324. முழுவட்டத்துக்கு 36 பாகை பாக்கி. அந்தச் சந்தில் நாலாவது ஐங்கோணம் நுழையாது. அறுகோணத்தின் மூலை 120. மூன்று சேர்ந்தால் 360, கச்சிதம். சம பரப்புள்ள கட்டங்களாக ஒரு தளத்தைப் பிரிக்கும்போது, எல்லைக்கோடுகளின் மொத்த நீளம் அறுகோணத்தில்தான் மிகக் குறைவு. தேனீக்குத் தெரிந்த இந்த உண்மைக்கு முழுமையான கணித நிரூபணம் தந்தவர் தாமஸ் ஹேல்ஸ், ஆண்டு 1999. தையல்காரியின் கணக்கில் சொன்னால், அதே அளவுத் துண்டுகளைச் சதுரமாக ஒட்ட 100 அடி தையல் வேண்டுமென்றால் அறுகோணமாக ஒட்ட 93 அடி போதும். நூலே கிடைக்காத சிறையில் ஏழு அடி மிச்சம் பெரிய மிச்சம். அந்தச் சிறுமிகள் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்திருக்கமாட்டார்கள். அவர்கள் ஊரில் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகத் தைத்துவந்த வடிவம் அது. ஆனாலும் கணக்கு அவர்கள் பக்கம் இருந்தது.

அறுகோணத்துக்கு ஒரு குறையும் உண்டு. மூன்று துண்டுகள் சேரும் ஒவ்வொரு மூலையிலும் தையல் திரும்பவேண்டும். தையல் மெஷினுக்கு இது பெரிய தொல்லை. நேர்கோட்டில் ஓடத்தான் அதற்குப் பிடிக்கும். கைக்கு இது ஒரு பொருட்டே அல்ல. துண்டும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். யாராவது வந்தால் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொள்ளலாம்.

நம்மவர்களுக்கு இந்தப் பொருள் புதிதா? துண்டுகளைச் சேர்த்து அடுக்கித் தைக்கும் இந்தக் குயில்ட் என்றால் பனிநாட்டுக்காரர்களின் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். கோலாலம்பூரின் சாலாக் செலாத்தானில் ராத்திரி 24 பாகைக்குக் கீழே வெப்பம் அவ்வளவாக இறங்காது, யாருக்குப் போர்வை? ஆனால் பிள்ளை பெற்ற வீட்டில் பழைய நூல் சேலையை நாலாக மடித்து ஓட்டுத்தையல் போட்டு வைத்த துணி இல்லாமல் இருந்ததில்லை. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தமாட்டார்கள். பத்து வருஷம் துவைத்த சேலையில் நெசவுக் கஞ்சி முழுவதும் போயிருக்கும். நூலின் முறுக்குத் தளர்ந்து, நார்கள் உடைந்து மெத்தென்று ஆகியிருக்கும். காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காத மென்மை அது. வங்காளத்தில் இதையே கந்தா என்ற பெயரில் பெருங்கலையாக்கிவிட்டார்கள். பழைய சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே தைப்பார்கள். மலாய்க்காரர் வீடுகளில் கைன் பெர்ச்சா என்ற வெட்டுத்துணியைச் சேர்த்துத் தைத்த விரிப்புகளைப் பார்த்திருப்பீர்கள்.

அடுக்கு ஏன்? ஒரே கனமான துணி போதாதா? போதாது. போர்வையின் கதகதப்புக்குக் காரணம் துணியைவிட, துணிகளுக்கிடையே மாட்டிக்கொண்ட காற்று. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அதன் கடத்துதிறன் 0.026, தண்ணீருக்கு 0.6, அதாவது இருபது மடங்குக்கும் மேல். நனைந்த போர்வை சில்லென்று இருப்பது இதனால்தான். காற்று ஓடினால் வெப்பத்தையும் தூக்கிக்கொண்டு ஓடிவிடும் என்பதால் அதை ஓடவிடாமல் சின்னச் சின்ன அறைகளாகப் பூட்டவேண்டும். அந்தப் பூட்டுத்தான் தையல். அதே தையல், போகும் இடமெல்லாம் அடுக்குகளை அழுத்திக் காற்றை வெளியேற்றவும் செய்கிறது. நெருக்கித் தைத்தால் நாள்பட உழைக்கும், ஆனால் தட்டையாகிவிடும். விலக்கித் தைத்தால் பொசுபொசுவென்று இருக்கும், இரண்டு சலவையில் உள்ளே எல்லாம் மூலைக்கு ஒதுங்கிவிடும். எவ்வளவு நெருக்கம் என்பதைப் பாட்டிமார் விரலாலேயே முடிவு செய்தார்கள்.

ஒட்டுத்துணிக்கும் குணமாவதற்கும் முடிச்சுப் போட்டது இந்தக் காலத்து ஆட்கள் இல்லை. ஜாவாவில் தம்பால் என்றொரு பாத்தேக் வகை இருக்கிறது. பல துண்டுகளை ஒட்டியதுபோலவே வரைந்திருக்கும். நோயாளிக்கு அதைப் போர்த்தினால் சீக்கிரம் தேறுவார் என்பது அங்கே பழைய நம்பிக்கை. துறவுக்கும் ஒட்டுத்துணிக்கும்கூட முடிச்சு உண்டு. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ஜாலான் பெர்ஹாலாவில், 1894ஆம் ஆண்டிலிருந்து வேர்விட்ட பௌத்த மகா விகாரம் இருக்கிறது. அங்குள்ள பிக்குகளின் காவி உடையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும்: முழுத்துணி இல்லை, வெட்டி ஒட்டியது. மகத நாட்டு வயல்களைக் காட்டி, அந்த வரப்புகளைப்போல உடையைத் தைக்கும்படி புத்தர் ஆனந்தரிடம் சொன்னதாக விநய நூல் கூறுகிறது. வெட்டிய துணிக்குச் சந்தையில் விலை இல்லை, திருடன் தொடமாட்டான் என்பது ஒரு காரணம். பக்கத்து லிட்டில் இந்தியாவில் பட்டுச்சேலை வாங்கிக்கொண்டு திரும்புகிற நாம், உலகத்தின் மிகப் பழைய ஒட்டுத்தையல் வழக்கங்களில் ஒன்றை இப்படித் தாண்டித்தான் போகிறோம்.

அந்தத் துணிக்கடைகளை ஒட்டி ப்ளவுஸ் தைக்கும் கடைகள் இருக்கின்றன. சாலாக் செலாத்தானிலிருந்து கொமுத்தர் ரயில் ஏறினால் சிபுத்தே, மிட் வேலி, அடுத்தது கேஎல் சென்ட்ரல். இறங்கி நடந்தால் சில நிமிஷம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அந்தக் கடைகளின் தரையைப் பார்க்கவேண்டும். கழுத்து வெட்டியபோது விழுந்த பிறைகள், கையைக் குடைந்தபோது விழுந்த கோணல் முக்கோணங்கள், லைனிங் துணியின் நீளப் பட்டைகள். மயில்கழுத்து நிறமும் அரக்கும் மாம்பழ மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்றாக. சாயங்காலம் கூட்டி, பிளாஸ்டிக் சாக்கில் திணித்து வாசலில் வைத்துவிடுவார்கள். கேட்டால், “எடுத்துக்குங்க, குப்பைக்குத்தானே போவுது” என்கிறார் தையல்கார அக்கா, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே. பட்டுத்துண்டு வழுக்கும், ஜரிகை ஊசியை முறிக்கும், அதெல்லாம் உண்டு. ஆனால் போர்வைக்கு வேண்டிய முதல் பொருள் ஓசியில் கிடைத்துவிட்டது.

சரி, ஒரு போர்வைக்கு எத்தனை தையல்? கணக்குப் போடலாம். ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை என்றால் 150 வரிசை. ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர். மொத்தம் 300 மீட்டர். ஊசி உள்ளே போய் வெளியே வர ஐந்து மில்லிமீட்டர் என்று வையுங்கள். 60,000 தையல். நிமிஷத்துக்கு இருபது போட்டால் 50 மணி நேரம். இது துண்டுகளை ஒட்டும் வேலையைச் சேர்க்காமல். ஐம்பது மணி நேரம் ஒரே அசைவு! இதில் என்ன ஆறுதல் இருக்கமுடியும் என்று கேட்டால், அந்த அசைவைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

வலது கை ஊசியைச் செங்குத்தாக இறக்குகிறது. துணிக்குக் கீழே இடது கையின் நடுவிரல் காத்திருக்கிறது. ஊசிமுனை எட்டிப் பார்த்த கணத்தில், குத்துவதற்குச் சற்று முன்பாகவே, விரல் அதை உணர்ந்து மேலே திருப்பிவிடுகிறது. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. மனிதனின் ஓர் உள்ளங்கையிலும் விரல்களிலுமாகச் சுமார் 17,000 தொடு உணர்வு நரம்பிழைகள் இருப்பதாக ஸ்வீடன் விஞ்ஞானிகள் ஜொஹான்சனும் வால்போவும் 1979இல் கணக்கிட்டார்கள். அவை நெருங்கிக் கிடப்பது விரல்நுனியில். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு முனைகள் பட்டால் அவை இரண்டு என்று விரல்நுனிக்குத் தெரியும்; முதுகுக்கு அதைப்போல் பல மடங்கு இடைவெளி வேண்டும். மூளையின் தொடு உணர்வுப் பகுதியில் கைக்கு ஒதுக்கியிருக்கும் இடம், முதுகு முழுவதற்கும் உள்ளதைவிட மிகப் பெரியது. ஊசி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அந்தப் பெரிய இடம் விழிக்கிறது.

மூளையின் இன்னொரு இடம் மிகச் சின்னது. இப்போது கண்முன் உள்ள வேலைக்கான நினைவுப் பலகை. உளவியலாளர்கள் இதைச் செயல்நினைவு என்கிறார்கள். சொற்களுக்கு ஒரு பகுதி, உருவங்களுக்கும் இடங்களுக்கும் இன்னொரு பகுதி. இரண்டுமே சீக்கிரம் நிரம்பிவிடும். துயரத்தில் இருப்பவரைத் துரத்துவது பெரும்பாலும் படங்கள்தான்: ஆஸ்பத்திரிக் கட்டில், விபத்து நடந்த முச்சந்தி, கடைசியாகப் பார்த்த முகம். பிரிட்டனில் எமிலி ஹோம்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே நினைக்கத்தக்கது. 40 பேருக்குக் கோரமான காட்சிகள் கொண்ட படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அரைமணி கழித்துப் பாதிப் பேரை டெட்ரிஸ் ஆடச் சொன்னார்கள், வெறும் பத்து நிமிஷம். மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பிச் சந்தில் பொருத்தும் அந்தப் பழைய வீடியோ விளையாட்டுத்தான். அடுத்த ஒரு வாரத்தில், விளையாடியவர்களுக்கு அந்தக் காட்சிகள் திடீரென்று மனதில் பாய்ந்து வருவது குறைந்திருந்தது. உருவங்களுக்கான பலகையை வேறு உருவங்கள் பிடித்துக்கொண்டால், கோரப் படம் அதில் ஆழப் பதிய இடம் கிடைப்பதில்லை என்பது அவர்களுடைய விளக்கம். எந்த வேலையும் போதும் என்றில்லை. அதே ஹோம்ஸும் கூட்டாளிகளும் 2004இல் வெளியிட்ட சோதனைகளில், படம் பார்க்கும்போதே எண்களை மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லச் சொன்னபோது தொல்லை கூடியது. விரலால் ஓர் ஒழுங்கில் தட்டச் சொன்னபோது குறைந்தது.

எந்தத் துண்டை எங்கே வைப்பது, அரக்குக்குப் பக்கத்தில் மஞ்சளா பச்சையா, இந்தக் கோணல் முக்கோணத்தை எப்படித் திருப்பினால் அந்தச் சந்தில் உட்காரும்? ஒட்டுப்போர்வை தைப்பவள் நாள்பூராவும் செய்வது இதைத்தான். டெட்ரிஸில் நடந்தது தையலிலும் அப்படியே நடக்கும் என்று சோதித்துக் காட்டியதாக நான் சொல்லவில்லை; ஆனால் வேலையின் ஜாடை ஒன்று. என் கணிப்பில் ஆறுதலின் ரகசியம் சிரமத்தின் அளவில் இருக்கிறது. மனம் வேறெங்கும் ஓடாத அளவுக்குக் கஷ்டம். பக்கத்தில் இருப்பவரோடு பேசமுடிகிற அளவுக்குச் சுலபம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய பாதை இருக்கிறது, ஓட்டுத்தையல் சரியாக அதில் போகிறது. குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டு பேசமுடியாது. டிவி பார்த்தால் மனம் பாதி வீட்டில், பாதி எங்கோ. கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2010இல் 2,250 பேரைக் கைப்பேசி வழியே திடீர் திடீரென்று கேட்டுப் பார்த்ததில், விழித்திருக்கும் நேரத்தில் 46.9 சதவீதம் மனம் செய்கிற காரியத்தில் இல்லை. இல்லாத நேரங்களில் சந்தோஷமும் குறைவு.

பேசமுடிவது சாதாரண விஷயம் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பூக்கடை வாசலில் மாலை கட்டும் பெண்களைக் கவனியுங்கள். கை வாழைநாரை முறுக்கிக்கொண்டே இருக்கிறது; பேச்சு மகளின் கல்யாணத்திலிருந்து மருமகனின் கடனுக்கும் அங்கிருந்து இறந்துபோன அண்ணனுக்கும் போகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பார்வை பூவின்மேல். முகத்துக்கு நேராகச் சொல்லவராத சொல், கை வேலையாக இருக்கும்போது தானாக வருகிறது. இடையில் மௌனம் விழுந்தாலும் யாருக்கும் சங்கடமில்லை, வேலைதான் நடக்கிறதே! ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் எமிலி பர்ட், ஜாக்குலின் அட்கின்சன் இருவரும் ஒரு குயில்ட் குழுவைச் சேர்ந்த 29 பேரிடம் விரிவாகப் பேசி 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிறங்கள் மனதைத் தூக்கிவிட்டன, வேலையில் நேரம் போவதே தெரியவில்லை, குழுவில் கிடைத்த நட்பு வேறெங்கும் கிடைக்கவில்லை என்று அவர்கள் சொன்னார்கள்.

தமிழ் மண்ணில் இதற்கு நெருங்கிய உதாரணம் சுனாமிக்குப் பின் நடந்தது. 2004 டிசம்பர் 26 அலை நம் பினாங்கு, கெடா கரைகளையும் தொட்டது; தமிழ்நாட்டுக் கடற்கரையை வாரிக்கொண்டு போனது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் இருக்கும் உபாசனா ஆடை வடிவமைப்பு நிலையம், சுற்றுவட்டார மீனவக் கிராமத்துப் பெண்களை உட்காரவைத்து, ஆடைத் தயாரிப்பில் மிஞ்சும் துணித்துண்டுகளால் கட்டைவிரல் அளவுப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. பெயர் சுனாமிகா. கடலைப் பார்க்கவே பயந்தவர்கள் பொம்மைக்கு முடி வைத்து, பாவாடை கட்டினார்கள். அந்தப் பொம்மையை விற்பதில்லை என்று முடிவெடுத்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. யாருக்கும் இலவசம், கொடுக்க விரும்புகிறவர் நன்கொடை கொடுக்கலாம், பெண்களுக்குக் கூலி அதிலிருந்து. லட்சக்கணக்கில் பல நாடுகளுக்குப் போனது. பறிகொடுத்தவர்கள் என்று எல்லாரும் வந்து சாமான் கொடுத்துவிட்டுப் போன கிராமத்திலிருந்து, உலகத்துக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்தனுப்புகிறவர்களாக அவர்கள் மாறினார்கள். சாங்கியில் எதிரிக்குப் போர்வை தைத்த பெண்களிடமும் இந்த மாற்றம் நடந்திருக்கும்.

ஆராய்ச்சிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டிரெக்செல் பல்கலைக்கழகத்தின் கிரிஜா கைமல் குழு 2016இல் 39 பேரை 45 நிமிஷம் வண்ணம், களிமண், ஒட்டுப்படம் என்று கைவேலை செய்யவைத்து, முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசால் அளந்தது. மன அழுத்தத்தோடு சம்பந்தப்பட்ட அந்த ஹார்மோன் சுமார் 75 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது. செய்தித்தாள்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, சும்மா உட்கார்ந்திருந்த இன்னொரு கூட்டம் அந்தச் சோதனையில் இல்லை. முக்கால் மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் உட்காரவைத்தாலே பாதிப் பேருக்குக் குறையக்கூடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 85 வயதைக் கடந்த 256 பேரைச் சராசரி நான்கு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். நடு வயதிலிருந்தே தையல், மரவேலை, பானை வனைதல் போன்ற கைத்தொழில் செய்துவந்தவர்களுக்கு மறதி தொடங்கும் வாய்ப்பு 45 சதவீதம் குறைவாக இருந்தது. ஆசை காட்டும் எண். ஆனால் மூளை தளரத் தொடங்குகிறவர் முதலில் கீழே வைப்பது ஊசியாகவும் இருக்கலாம் அல்லவா? எது காரணம், எது விளைவு என்பதை இப்படிப்பட்ட ஆய்வு தீர்த்துச் சொல்லாது. “தையல் மருந்து” என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவிடும் அன்பர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்கலாம்.

அளந்து சொல்ல முடியாத இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக 1987இல் கிளீவ் ஜோன்ஸ் தொடங்கிய நினைவுப் போர்வையில், ஒருவருக்கு ஒதுக்கிய துண்டின் அளவு மூன்றடிக்கு ஆறடி. புதைகுழியின் அளவு. பல குடும்பங்கள் பிணத்தைக்கூட வாங்க மறுத்த காலம் அது. அந்த அக்டோபரில் வாஷிங்டன் புல்வெளியில் 1,920 துண்டுகளை விரித்தார்கள். இன்று சுமார் 50,000. எடை 54 டன். மடித்து வைத்தால் கிடங்கு, விரித்தால் ஊர்.

நம் பக்கத்தில் இப்படி விரித்துக் காட்ட எதுவும் மிஞ்சவில்லை. சாங்கிப் பெண்கள் வெள்ளைத் துணியில் பூத்தையல் போட்ட அதே வருஷங்களில், சிலாங்கூர்த் தோட்டங்களில் துணியே இல்லை. வெளிநாட்டுத் துணி வருவது நின்றுவிட்டது. சாக்கைக் கிழித்து உடுத்தினார்கள், ஒட்டின்மேல் ஒட்டுப் போட்டார்கள், ரப்பர் ஷீட்டைக்கூடச் சுற்றிக்கொண்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தோட்ட லயத்திலிருந்து ஆண்களை ஜப்பானியர்கள் சயாம் ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது, போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. லயத்தில் எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் அந்தச் சாக்கை ஒட்டுப்போட்டவளும் சயாமுக்குப் போனவனை நினைத்துத்தான் ஊசி கோத்திருப்பாள். அவள் பெயரைத் தைக்கவில்லை. எழுத்துத் தெரியாமல் இருந்திருக்கலாம். பெயர் தைத்து அனுப்ப எந்த மருத்துவமனையும் இருந்திருக்காது. அந்தத் துணிகள் நைந்து, கரித்துணியாகி, மண்ணோடு போயின. அருங்காட்சியகத்தில் எது மிஞ்சுகிறது என்பது யார் தைத்தார்கள் என்பதைவிட, யாருக்குப் பெட்டி இருந்தது என்பதைப் பொறுத்தது.

எதெல் மல்வானிக்கே போர்வை எல்லாவற்றையும் ஆற்றிவிடவில்லை. அவருக்கு மனநோய் இருந்தது; முகாமில் தனிச்சிறையும் அனுபவித்தார்; போருக்குப் பிறகும் நெடுநாள் சிரமப்பட்டார். பசியில் கிடந்த பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லி எழுதிவைத்த சமையல் குறிப்புகளைக் கனடாவுக்குக் கொண்டுபோய் அச்சிட்டு விற்று, அந்தப் பணத்தை முன்னாள் போர்க்கைதிகளுக்குச் செலவிட்டார். தையல் அவருக்கு நாளை நகர்த்தியது. நோய்க்கு வைத்தியம் வேறாக வேண்டியிருந்தது. நம் அரசு மருத்துவமனைகளில் பெமுலிஹான் சாரா கெர்ஜா, அதாவது செயல்வழிச் சிகிச்சை, என்று பலகை போட்ட பிரிவு இருக்கிறதே, கைவேலையை வைத்தியமாக்கும் துறையின் இன்றைய வீடு அதுதான். முதல் உலகப்போர்க் காலத்தில், 1917இல், அமெரிக்காவில் சங்கம் அமைத்து வளர்ந்த சிகிச்சை முறை. காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பின்னலும் நெசவும் கூடை முடைதலும் கொடுத்துக் கையையும் மனதையும் பழக்கினார்கள். அங்கே வேலை தெரிந்த சிகிச்சையாளர் நோயாளியைப் பார்த்து வேலையின் கடினத்தை ஏற்றி இறக்குவார். பக்கவாதத்திலிருந்து மீளும் கைக்குச் சன்ன ஊசி கொடுத்தால் அழுகைதான் வரும்.

வீட்டில் தொடங்குகிறவருக்கும் அந்தக் கணக்கே பொருந்தும். முதலில் சேலைத் தலைப்பு அகலத்தில் ஒரு சின்ன விரிப்பு. பட்டுத்துண்டு வேண்டாம், துவைத்துத் துவைத்து நைந்த நூல் சேலை, மூன்று அடுக்கு. பெரிய காதுள்ள ஊசி. நூல் ஒரு கை நீளத்துக்கு மேல் வேண்டாம், சிக்கு விழும். அடுக்குகள் நகராமல் இருக்க முதலில் நீளநீளமாக ஓட்டம் போட்டுவிட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைக்கவேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் சுருக்கம் திரண்டு நிற்கும். இந்த ஊர்க் காற்றின் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும் என்பதால், தைத்த வரைக்கும் மடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்காமல், மத்தியான மழைக்கு முன் கொடியில் கொஞ்ச நேரம் போடுவது நல்லது. முதல் வரிசை கோணலாகத்தான் வரும். அதைப் பிரிக்கவேண்டாம்; பத்தாவது வரிசையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தேவைப்படும்.